திரிவுக் காட்சி: எஞ்சின் கணினியிடம் சொல்லப்படும் பொய்

இன்றைய காரில் ஓட்டுநரின் கால் எஞ்சினை நேரடியாக ஆள்வதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சென்சாரின் மின்னழுத்தம் மாறுகிறது. அதைப் படிக்கும் ஈசியூ என்ற கணினிதான் எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று முடிவு செய்கிறது. இந்த முடிவை மாற்றுவதற்குக் கம்பெனிக்கு வெளியே இருக்கும் வழிகள் மூன்று. கம்பெனி ஈசியூவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் தனிக் கணினி ஒன்றை வைக்கலாம். கம்பெனி ஈசியூவுக்குள் இருக்கும் எண் அட்டவணைகளை லேப்டாப் வழியாகத் திருத்தலாம். மெக்கானிக்குகள் பேச்சில் இது ரீமேப். அல்லது, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே ஒரு பெட்டியைச் செருகி, ஈசியூவுக்குப் போகும் தகவலையே மாற்றி அனுப்பலாம். ட்யூனிங் பாக்ஸ், பிக்கிபேக் என்ற பெயர்களில் விற்பது இதுதான். மூன்றையும் நாடுகிறவர் கேட்பது ஒன்றே: கூடுதல் பிக்கப். அறநோக்கில் மூன்றும் ஒன்றல்ல. தனிக் கணினி பொருத்துகிறவர், எஞ்சின் எதை அறிய வேண்டும், எப்படி முடிவெடுக்க வேண்டும் என்ற முழுப் பொறுப்பையும் தன்மேல் போட்டுக்கொள்கிறார். பெட்டியைச் செருகுகிறவர், ஏற்கெனவே அறிந்து நடக்கும் ஒன்றைப் பொய்யால் நகர்த்துகிறார். உயிரில்லாத கணினியிடம் சொல்வது பொய்யாகுமா? ஆகுமென்றால் அதன் வினை யாரைச் சேரும்? அறிவு பிறக்கும் வழிகளை ஆராயும் அளவை நூல்களையும் சைவ சித்தாந்தத்தையும் கொண்டு இந்தக் கேள்விகளை ஆராய முடியும்.

தமிழ்நாட்டில் இதை எழுப்புவதற்கு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. 1982இல் தொடங்கிய டிவிஎஸ் ரேசிங் அணியின் இருப்பிடமும் ஓசூர்தான். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியே போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் பெங்களூர். இன்று பாஷ் என்று அறியப்படும் மைக்கோவின் தொழிற்சாலை எழுந்தது அங்கேதான். எஞ்சின் ட்யூனிங்கையே தொழிலாகக் கொண்ட கடைகளும் அங்கே இருக்கின்றன. வண்டியைச் செய்கிறவர், அதற்கு ஊசியும் பம்பும் செய்கிறவர், பந்தயம் ஓட்டுகிறவர், பெட்டி விற்கிறவர், இவர்கள் அனைவரின் புகையையும் சுவாசித்துக்கொண்டு ஓசூர் பேருந்து நிலையத்தில் நிற்கிறவர் என்று இந்த வழக்கின் எல்லாத் தரப்பும் ஒரே நெடுஞ்சாலையில் அடங்கிவிடுகிறது.

தனிக் கணினி பொருத்தும் வேலையை அருகில் நின்று பார்த்தால், அறிவு எப்படிக் கட்டப்படுகிறது என்பது கண்முன் தெரியும். அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ ஆகிய இருவர் 2001இல் வெளியிட்ட மெகாஸ்க்விர்ட் இந்த வகையில் பெயர்பெற்றது. உதிரிகளை வாங்கித் தானே பற்றவைத்துக் கூட்டிக்கொள்ளும்படி வந்தது. வயரிங் ஹார்னஸை இணைத்து முடித்த நிலையில் அத்தகைய கணினிக்கு எஞ்சினைப் பற்றி எதுவுமே தெரியாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் ஒரு பல்சக்கரத்திலிருந்து அது அறிய வேண்டும். பல கார்களில் அந்தச் சக்கரம் 60 பற்களுக்கு இடம் கொண்டது; ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்கு 6 டிகிரி. ஆனால் இரண்டு பற்கள் இல்லாமலே விட்டிருப்பார்கள். பற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றைக் கொண்டு வேகத்தை மட்டுமே சொல்ல முடியும். இடத்தைச் சொல்வது அங்கே இல்லாத இரண்டு பற்கள்.

இன்மையிலிருந்து அறிவு பிறக்குமா என்பது தத்துவத்தில் பழைய வழக்கு. பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை வேண்டும் என்றனர். மணிமேகலையில் சமயக் கணக்கர் தத்தம் கொள்கைகளைச் சொல்லும் காதையிலும் அளவைகளின் நீண்ட பட்டியல் வருகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் இன்மையாகிய அபாவம் உட்படப் பத்து அளவைகளை எடுத்துக் கூறி, காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றுக்குள் அவற்றை அடக்குகிறார். எஞ்சின் கணினி அவர் பக்கம் நிற்கிறது. இல்லாத பல்லை அது காண்பதில்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வழக்கத்தைவிட நீண்ட நேரம் கடந்ததைக் காண்கிறது. அதிலிருந்து இடத்தைக் கருதிக்கொள்கிறது.

கணினியின் அறிவில் பெரும்பகுதி இத்தகைய கருதல்தான். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போயிற்று என்று இத்தகைய தனிக் கணினியில் பொதுவாக எந்தச் சென்சாரும் நேராக அளப்பதில்லை. இன்டேக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சின் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு காற்றின் எடை கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட மேப் எனப்படும் 256 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று வேண்டும். அதை ட்யூனர் எழுதித் தருகிறார். கணினி கேள்வியின்றி ஏற்கிறது. இது உரை அளவை. நம்பத் தகுந்தவன் சொன்னது என்பதாலேயே ஏற்கப்படுவது.

ஆகவே வேலை காட்சியைச் சோதிப்பதில் தொடங்குகிறது. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், திரையில் தெரியும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது குழாயின் உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று. சென்னையில் அது சுமார் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும்; கிருஷ்ணகிரியில் சுமார் 95; சூளகிரி வழியே மேடேறி, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூருக்கு வந்தால் சுமார் 91. ஓசூரில் நிற்கும் காரில் திரை 101 என்று காட்டினால் சென்சாரின் அளவீடு தவறு. அதன்மேல் எழுதும் ஒவ்வொரு எண்ணும் தவறாகவே போகும்.

அடுத்தது தீப்பொறி நேரம். மென்பொருளில் அதை 10 டிகிரி என்று பூட்டிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கிராங்க் புல்லியின் மேல் டைமிங் லைட்டை அடித்துப் பார்ப்பார்கள். திரை 10 என்று சொல்லும். பல்சக்கரக் கணக்கில் ஒரு பல் பிசகியிருந்தால் புல்லியின் கோடு 16இல் நிற்கும். அப்போது திருத்த வேண்டியது கணினியின் எண்ணை. கோடு 10இல் வந்து நிற்கும்வரை, பிறகு வேகத்தைக் கூட்டினாலும் நகராமல் இருக்கும்வரை. இதைச் செய்யாமல் மேப் எழுத உட்கார்ந்தால், தீப்பொறி சொன்ன நேரத்துக்கு முன்பே விழுந்து நாக்கிங் வரும். லோடு ஏறும்போது பிஸ்டன் உடையும். இந்த வேலை முழுவதிலும் அறத்துக்கு மிக நெருங்கிய கட்டம் இதுவே. தான் நம்பியதை உலகத்தோடு ஒத்துப்பார்த்து, ஒவ்வாதபோது தன்னைத் திருத்திக்கொள்வதற்கு இங்கே ஒரு விளக்கும் ஒரு கோடும் போதுமானவையாக இருக்கின்றன.

டீசல் காரில் ட்யூனிங் பாக்ஸ் செய்வது இதற்கு நேர்மாறு. காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு குழாயில் காத்திருக்கிறது. அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கப்ளரைக் கழற்றிப் பெட்டியை நடுவில் மாட்டினால், சென்சார் 1,300 பார் என்று சொல்வதைப் பெட்டி 1,150 என்று மாற்றி ஈசியூவிடம் சொல்லும். அழுத்தம் குறைந்துவிட்டது என்று நம்பும் ஈசியூ அதை உயர்த்தும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறுவதில்லை. ஆனால் அதே நேரத்தில் கூடுதல் டீசல் உள்ளே போகும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் ஸ்கேனர் கேட்பதும் ஏமாந்த ஈசியூவிடம்தான். பெட்ரோல் கார்களுக்கு ‘சிப்’ என்று விற்கப்படும் மலிவான சாமான்கள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். உள்ளே வரும் காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்தது என்று ஈசியூவை நம்பவைக்க அது போதும்.

குற்றமற்ற காட்சியில் ஐயமும் திரிவும் இருக்கக் கூடாது என்பது சித்தியாரின் இலக்கணம். கயிறா பாம்பா என்று துணிய முடியாமல் நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே துணிந்துவிடுவது திரிவு. கம்பெனி ஈசியூவுக்கு ஐயப்படக் கற்றுத் தந்திருக்கிறார்கள். சென்சாரின் மின்னழுத்தம் எல்லைக்கு வெளியே போனாலோ, இரண்டு சென்சார்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, செக் எஞ்சின் விளக்கை எரியவிட்டு வண்டியை லிம்ப் மோடுக்கு இறக்கிவிடும். ஓட்டுநருக்கு எரிச்சல் தருவதுதான் அது. ஆனாலும், தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு மெதுவாகப் போகும் அந்த நிலை நேர்மையானது. ட்யூனிங் பாக்ஸ் செய்கிறவரின் திறமை முழுவதும் இந்த ஐயத்தை எழவிடாமல் செய்வதில் இருக்கிறது. பொய் நம்பும்படியான எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். ஐயமில்லாத திரிவு பிறக்க வேண்டும். தவறிப்போன சென்சார் வேறு, இது வேறு. கெட்டுப்போன சென்சாருக்குப் பின்னால் யாருடைய எண்ணமும் இல்லை. பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

கணினிக்கு மனம் கிடையாது, ஏமாறுவதற்கு அங்கே ஆளில்லை, ஆகையால் பொய் என்ற சொல்லே பொருந்தாது என்று வாதிடலாம். வாதத்தின் முதல் பாதி சரி. ஈசியூ எதையும் நம்புவதில்லை. நம்பிக்கை என்பது பேச்சு வழக்கு மட்டுமே. பிற்பாதி தவறு. சந்தையில் எடைக்கல்லைக் குடைந்து வைக்கும் வியாபாரி தராசை ஏமாற்றுவதில்லை. தராசின் வழியாக வாங்க வந்தவரை ஏமாற்றுகிறார். ஈசியூவில் எழுதப்பட்ட எல்லைகள் ஈசியூவுக்கே சொந்தமானவை அல்ல. உலோகம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்ட பொறியாளர் வைத்த எல்லை ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகை விதிகள் வைத்தது இன்னொன்று. அந்த இரண்டாவது எல்லைக்குப் பின்னால் நிற்பது சாலையோரத்தில் மூச்சு விடும் மனிதர். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. பொய் ஈசியூவிடம் சொல்லப்படுகிறது. போய்ச் சேருவது அவரிடம்.

இந்தப் பொய் பெட்டி விற்பவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை ஃபோக்ஸ்வாகன் வழக்கு உலகத்துக்குக் காட்டியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. ஸ்டியரிங் அசைகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது, காற்றழுத்தம் என்ன என்பவற்றைக் கொண்டு, வண்டி சோதனையில் இருப்பதை ஈசியூ உணர்ந்துகொள்ளும். சோதனையில் சட்டத்துக்குள் நிற்கும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்ஸைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை வெளியேறும். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக 2015 டிசம்பரில் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டது; நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் பிறகு தடை விதித்தது.

ட்யூனிங் பாக்ஸ் ஈசியூவிடம் பொய் சொல்கிறது. இங்கே ஈசியூவே அதிகாரியிடம் பொய் சொன்னது. கம்பெனி எழுதிய மேப் என்பதாலேயே அது மெய்யாகிவிடுவதில்லை என்ற பாடம் இதில் உண்டு. உரை அளவைக்கு ஆதாரம் சொன்னவரின் நம்பகத்தன்மை என்று நியாய நூலார் சொல்வது தொழிற்சாலைக்கும் பொருந்தும்.

லாரிகளில் இதே பொய் மூன்றாவது வடிவம் எடுக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க, புகைக்குழாயில் யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு உண்டு. கரைசல் தீர்ந்தால் எஞ்சினின் இழுவையைக் குறைக்கும்படி ஈசியூ எழுதப்பட்டிருக்கிறது. எமுலேட்டர் என்ற சிறு பெட்டி, தொட்டி நிறைய இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். யூரியா வாங்கும் செலவு மிச்சம். ஐரோப்பாவில் சாலைச் சோதனைகளில் இவை பிடிபட்டிருக்கின்றன. நம் ஊர்ப் புகைச் சோதனை நிலையத்தில் இது தெரியாது. டீசல் வண்டிக்கு அங்கே புகையின் கருமையைத்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சான்றிதழ் கையில் இருப்பதால் மனம் சமாதானமாகிவிடுகிறது என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது.

திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைச் சான்றுக்கு அழைப்பவர்களும் உண்டு. தீங்கில்லாத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்றும் அங்கே கருத்து இருப்பது உண்மைதான். மைலேஜ் கூடுகிறது, கிருஷ்ணகிரி மேட்டில் வண்டி திணறாமல் ஏறுகிறது, யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஆனால் வள்ளுவர் விதிக்கும் நிபந்தனை நன்மை மட்டுமல்ல, குற்றம் தீர்ந்த நன்மை. நன்மை ஒருவருக்கும் தீமை முகம் தெரியாத மற்றொருவருக்கும் போகும் இடத்தில் அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை. தீமை சிறு சிறு துளியாகப் பலர்மேல் விழுவதால் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அதைக் குற்றமற்றதாக்காது.

வினை யாரைச் சேரும் என்பதற்குச் சித்தாந்தத்தின் காரணக் கொள்கை உதவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முதல். சென்சாரும் ஈசியூவும் பெட்டியும் துணை. ஈசியூ ஒரு நொடியில் எத்தனை முடிவு எடுத்தாலும் அது துணைக்காரணமாகவே நிற்கும். சடப்பொருளுக்கு வினை இல்லை, வினை உயிரைச் சேர்வது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை விளையும் என்பதால், லேப்டாப்பில் எண்ணைத் தட்டியவரும் பெட்டியை மாட்டியவரும் நிமித்தமாகிறார்கள். நானாகச் செய்யவில்லை, கேட்டார்கள், மாட்டினேன் என்று தப்ப முடியாது. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் மூன்றையும் சமண அறநூல்கள் ஒரே நிரையில் வைக்கின்றன. அந்த நிரையில் மெக்கானிக்கும் உரிமையாளரும் வியாபாரியும் சேர்ந்தே நிற்பார்கள். இதில் சட்டம் சற்றுக் குறுகலானது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஓர் உட்பிரிவு, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. மெக்கானிக்கை அந்த உட்பிரிவு தொடுவதில்லை.

இதனால் எஞ்சினைத் தொடுவதே தவறு என்று ஆகிவிடாது. ஆயுதபூஜை அன்று ஓசூர்ப் பட்டறைகளில் லேத்துக்கும் வெல்டிங் செட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சில இடங்களில் ட்யூனரின் லேப்டாப்புக்கும் பொட்டு உண்டு. அந்த வழிபாடு கருவியை மாற்றக் கூடாத தெய்வம் ஆக்குவதில்லை. கருவி மூலம் செய்யும் தொழிலைத் தெய்வத்திடம் ஒப்படைக்கிறது. கம்பெனி மேப் என்பதும் எஞ்சினின் உண்மை இயல்பு அன்று. எரிபொருள் தரம், வெப்பம், வாரண்டி, விற்பனை, சட்டம் ஆகியவற்றுக்கு நடுவே செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஓசூரில் செய்யப்படும் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கில் 2020 முதல் ரைடு மோடுகள் உண்டு. அந்த 2020 பதிப்பில் ஸ்போர்ட், டிராக் நிலைகளில் எஞ்சின் 34 பிஎஸ் தந்தது. அர்பன், ரெயின் நிலைகளில் 25.8 பிஎஸ் தந்தது. ஒரே உலோகம் ஒரு பொத்தானில் இரு வலிமை கொள்கிறது. இரண்டையும் அரசு சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறது, ஓட்டுகிறவருக்கும் திரையில் தெரிகிறது. மறைப்பு இல்லாததால் அங்கே பொய் இல்லை.

பந்தயத் தடமும் அப்படியே. இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் வண்டியில் தனிக் கணினி இருப்பது போட்டி விதிக்கு உட்பட்டது, எதிராளிக்குத் தெரிந்தது. எஞ்சின் வெடித்தால் இழப்பு அணிக்கு. வேகத்தின் மேலுள்ள ஆசையே பாவம் என்று சொல்லும் துறவு நோக்கு ஒன்று உண்டு. பொறியைத் தன் கையால் அறிந்து அதன் எல்லைவரை கொண்டுபோகும் உழைப்பில் இருக்கும் உண்மைத் தேட்டத்தை அந்த நோக்கு காணத் தவறுகிறது. டைமிங் லைட்டின் முன் குனிந்து நிற்பவர் பொய்யை வெறுக்கப் பழகுகிறார்.

ரீமேப்பை இந்த அளவுகோலில் வைப்பது கடினம். அது சென்சாரைப் பொய்யாக்குவதில்லை. ஈசியூ மெய்யானதையே காண்கிறது, மாறுவது உரை மட்டும். வாரண்டிக்கு வண்டியை விடும் முன் பழைய மேப்பை ஏற்றி மறைத்தாலோ, புகை வடிகட்டியின் கண்காணிப்பை அணைத்து எழுதினாலோ, அதுவும் பொய்ச் சான்று ஆகிவிடும். மறைக்காமல், புகை அளவை நேர்மையாக அளந்து, எல்லைக்குள் நிறுத்தி எழுதினால் அறத்தின் பக்கம் குற்றம் சொல்ல இடமில்லை. சட்டத்தின் அனுமதி என்பது தனிக் கேள்வி. உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கறாராகவே விளக்கியது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட்டுகளுக்கு அந்தப் பிரிவிலேயே வழி இருக்கிறது.

அறமும் சட்டமும் மிகவும் விலகி நிற்பது பழைய கார்பரேட்டர் வண்டிகளில். பிரீமியர் பத்மினி போன்ற காருக்கு இன்ஜெக்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் தனிக் கணினியும் பொருத்தி, பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற விகிதத்தில் நிறுத்தினால், கார்பரேட்டர் காலத்தில் கண்ணை எரியவைத்த புகை பெருமளவு குறையும். இங்கே யாரிடமும் பொய் இல்லை, சுவாசிக்கிறவருக்கும் நன்மை. இப்படிச் செய்கிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டுவதற்கென்று கார்பரேட்டரை மீண்டும் மாட்டிக்கொண்டு போனால், தூய்மைக்காகச் செய்த வேலையில் ட்யூனிங் பாக்ஸின் குற்றம் புகுந்துவிடுகிறது. பொருத்தியதைப் பொருத்தியபடியே காட்டி, புகை அளவைத் தாளில் எழுதி, அனுமதிக்கு விண்ணப்பிப்பதே அவருக்கு உரிய வழி. அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும்.